தியாம் சூன் வீட்டு நீலக் கதவு

தெங்கெரா சாலையில் பெருமை பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட விஷயம் இருக்கிறவள் பேசுகிறாள், இல்லாதவள் வயிறெரிகிறாள், அவ்வளவுதான். அந்த வருஷம் எனக்கு விஷயம் இருந்தது. நெஞ்சைத் திறந்து மூடிய என் வீட்டுக்காரர் தியாம் சூன், டாக்டர்களுக்கே டிமிக்கி கொடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, எழுபதாவது பிறந்தநாளுக்கு என்ன சமைக்கப்போகிறாய் என்று கேட்டார்.

மலாய் மண்ணிலேயே ஊறிப்போன சீனர்களான எங்கள் பாபா குடும்பங்களில் எழுபது என்றால் லேசுப்பட்டதில்லை. சிவப்பு மெழுகுவத்தி ஏற்றவேண்டும், நீள நூடுல்ஸ் கிண்டவேண்டும், பன்றிக்கறியும் கோழிக்கறியும் சட்டி சட்டியாக இறங்கவேண்டும். அதையெல்லாம்விட முக்கியம் டீ. சின்னவர்கள் மண்டிபோட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டுவார்கள், பெரியவர்கள் வாங்கிக் குடிப்பார்கள். குடித்துவிட்டால் நீ வீட்டு மனுஷி. தொடாமல் வைத்துவிட்டால், எத்தனை வருஷம் அந்த அடுப்படியில் வெந்தாலும் நீ விருந்தாளிதான்.

என் மருமகள் ரோவினா இரண்டு வருஷமாக விருந்தாளியாகத்தான் இருந்தாள்.

கடல் தாண்டிய சபாக்காரி. மலையடிவாரத்துக் கடசான் இனத்துப் பெண். என் மகன் எங் சியோங் நில அளவை வேலைக்குப் போன இடத்தில் பார்த்துக் கட்டிக்கொண்டான். கல்யாணம் முடிந்து இங்கே டீ கொடுக்கும் நாள் வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா சுவான் நியோ பக்கத்து ஊரான மூவாரிலிருந்து வந்திருந்தார். அக்காவை நாங்கள் தாச்சி என்போம். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர், எங்கள் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் ஒரு துரும்பு நகராது. ரோவினா நீட்டிய கோப்பையைத் தாச்சி பார்த்தார், தாகமில்லை என்றார். அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சின்ன அத்தைக்கும் தாகமில்லை, சித்தப்பாவுக்கும் தாகமில்லை. ஒரு குடும்பமே அன்றைக்கு ஒட்டகமாகிவிட்டது.

அன்றையிலிருந்து சொந்தக்காரர்கள் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. 'அந்த சபாப் பொண்ணு' என்பார்கள், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. அவளும் காதில் விழாததுபோல் தட்டை அடுக்கிக்கொண்டிருப்பாள். கல்நெஞ்சுக்காரி என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் கோழிக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"மாக், அவங்க என்னைக்காவது என் கையால டீ குடிப்பாங்களா?"

மாக் என்றால் அம்மா. அவள் அம்மா செத்துப்போய்விட்டாள், அதனால் அவளுக்கு நான் மட்டும்தான் மாக். வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குள் ஒரு வீம்பு ஏறியது. தாச்சியைக் குடிக்கவைக்காமல் விடுவதில்லை.

நெஞ்சைத் திறந்ததால் எனக்கு ஒரு வசதி கிடைத்தது. சாகக் கிடந்து எழுந்த தம்பி கேட்டால் எந்த அக்காவால் முடியாது என்று சொல்லமுடியும்? நான் பக்கத்தில் நின்று இடுப்பில் கிள்ளிக்கொண்டே இருந்தேன், அவர் தாச்சிக்குப் போன் போட்டு, என் எழுபதுக்கு வந்து என் மருமகள் கையால் டீ குடிக்கவேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை என்றார்.  தாச்சி, வர்றேன், பாக்கலாம் என்றார். அவர் வாயிலிருந்து 'பாக்கலாம்' வருவது பெரிய விஷயம். ரோவினாவிடம் சொன்னபோது ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் டீக்கோப்பைகளை எல்லாம் இறக்கிக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். பிறந்தநாளுக்கு இன்னும் ரொம்ப நாள் இருந்தது.

அதற்குப்பிறகுதான் கதவு என் கண்ணில் பட்டது.

எங்கள் வாசக்கதவு இரட்டைக் கதவு, மாமனாரின் அப்பா காலத்துத் தேக்கு. அதில் அடித்திருந்த சிவப்பு வெயிலில் வெளுத்து, மழையில் உப்பி, சொறி பிடித்தாற்போல் இருந்தது. இப்படி ஒரு கதவு வழியாகவா தாச்சியை உள்ளே கூப்பிடுவது? பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது, அதற்கு முன்னால் அந்த வாரமே கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இவரைக் காட்டவேண்டியிருந்தது, இரண்டு ராத்திரி தங்கச் சொல்லியிருந்தார்கள். மகன் காட்டுக்குள் அளவை வேலையில் இருந்தான். நான் ரோவினாவைக் கூப்பிட்டு, நாங்கள் திரும்புவதற்குள் கதவைச் சுரண்டி உனக்குப் பிடித்த நிறத்தைப் பூசிவை, இது உன் வீட்டுக் கதவு என்றேன். அந்தக் கடைசி வார்த்தையைப் பக்கத்து வீட்டுக்காரி காதில் விழும்படியாகவே சொன்னேன். மருமகளுக்கு இவ்வளவு உரிமை கொடுக்கிற மாமியார் இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? டாக்ஸியில் போகும் வழியெல்லாம் இவரிடம் அதையே சொல்லிக்கொண்டு போனேன், அவர் தூங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. என் கைப்பேசிக்குத்தான் உயிர் போய்விட்டது, சார்ஜர் வீட்டில். இவர் கைப்பேசியே வைத்துக்கொள்வதில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் டாக்ஸி எங்கள் சாலையில் திரும்பியது. எங்கள் வீட்டு வாசலில் கூட்டம்.

கூட்டத்துக்குப் பின்னால் கதவு தெரிந்தது. நீலம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்த ஊர் எங்கள் சனங்களில் ஒரு குழந்தைக்குக்கூட இதைச் சொல்லிக்கொடுக்கவேண்டாம். வீட்டில் சாவு விழுந்தால் சிவப்பு மறைந்துவிடும். முதலில் கறுப்பு, அப்புறம் நீலம், அப்புறம் பச்சை, துக்கம் கழித்தபின்தான் மறுபடி சிவப்பு. உடுத்துகிற துணியும் அப்படித்தான், வாசல் விளக்கில் எழுதிய குடும்பப் பெயரும் அப்படித்தான். எங்கள் வீட்டில் கதவுக்கும் அதே சட்டம், கறுப்பு மட்டும் கிடையாது, நேரே நீலம்தான். மாமனார் போனபோது நானே நின்று நீலம் அடிக்கவைத்தேன். நெஞ்சு நோயாளியைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் கதவு நீலமாகிவிட்டது என்றால் தெங்கெரா சாலை என்ன நினைக்கும்? நினைத்துவிட்டது. அடுத்த வீட்டு பெங் சுவீ கையில் துக்கக் காசு வைத்த வெள்ளை உறையோடு நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சவப்பெட்டிக் கடைக்காரர் அளவுநாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடக்கமாக ஓரத்தில் நின்றார்.

என் வீட்டுக்காரர் டாக்ஸிக் கண்ணாடியை இறக்கி, பெங் சுவீயைக் கூப்பிட்டார்.

"யாருப்பா போனது? நமக்குத் தெரிஞ்சவங்களா?"

பெங் சுவீ அப்படியே கால்வாய்த் திண்டில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு பேர் விசிறினார்கள். செத்தது தான்தான் என்று தெரிந்ததும் இவருக்கோ தலைகால் புரியவில்லை. இறங்கி ஒவ்வொருவராகத் தேடிப்போய், என்னைப்பற்றி நல்லதாக என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கிறார். சவப்பெட்டிக்காரரிடம் கை கொடுத்து, அவசரமில்லை என்றார்.

ரோவினா கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். முழங்கைவரை நீலம், முகத்தில் ரத்தமே இல்லை. காலையிலிருந்து எல்லோரிடமும் அவர் சாகவில்லை, சாகவில்லை என்று சொல்லிப்பார்த்தாளாம். துக்கத்தில் பிதற்றுகிறாள், பாவம் என்று அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம். நீலம் என்றால் என்ன என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. கடைக்குப் போய்ச் சிவப்பு வாங்கி வரலாம் என்றால் வாசலைவிட்டு நகரவும் விடவில்லை, துக்க வீட்டுப் பெண் தெருவில் இறங்கக்கூடாது என்று.

"மாக், யாரோ மூவாருக்குப் போன் பண்ணிட்டாங்க" என்றாள்.

அவள் சொல்லி முடிக்கவில்லை, தாச்சியின் கார் வந்து நின்றது.

எழுபத்தெட்டு வயது மனுஷி. தலையிலிருந்து கால்வரை கறுப்பு. காரிலிருந்து இறங்கும்போதே அழுகை. நான் பல சாவு வீடுகளில் தாச்சியைப் பார்த்திருக்கிறேன், அழுது பார்த்ததில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. வழியின் முடிவில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார், பல்லைக் காட்டிக்கொண்டு.

தாச்சி அவர் முகத்தைத் தடவினார், கழுத்தைத் தடவினார், சட்டைக்குள் கைவிட்டு நெஞ்சுத் தழும்பைத் தொட்டுப்பார்த்தார். பிறகு கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தார். எழுபது வயது ஆம்பளை, அப்படியே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வாசலில் ஒரு நாற்காலி போட்டேன். தாச்சி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மூச்சு அடங்கியதும் கதவைப் பார்த்தார்.

"யார் இதுக்கு நீலம் அடிச்சது?"

"நான்தான் மாக் கோ" என்றாள் ரோவினா. அத்தையை அப்படித்தான் கூப்பிடவேண்டும், அதையாவது ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருக்கிறவனுக்குத் துக்கம் கட்டியிருக்கே நீ."

 தாச்சி குரலை உயர்த்துகிறவர் இல்லை, அதுதான் பயம். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றார். இந்தக் கதவைத் தாண்டிக் கால்வைக்கமாட்டேன் என்றார். இவள் கையால் டீ இல்லை, பச்சைத்தண்ணீர்கூட இறங்காது என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் என் வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள்.

பெங் சுவீயின் மனைவி என் காதோரம் வந்து, பெண்ணைக் காலில் விழச்சொல், ஒரு டின் சிவப்பு வாங்கி இப்போதே அடித்துவிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்றாள். நல்ல யோசனைதான். நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்போது ரோவினாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அந்த டீக்கோப்பைகளைக் கழுவும்போது இருந்தாளே, அதே மாதிரி நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. வாய் திறந்துவிட்டது.

"தாச்சி, நிறம் தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா உனக்குப் பிடிச்சதை அடின்னு சொன்னது நான். கதவு என் கதவு, அடிச்சவ என் மருமக. திட்டணும்னா வீட்டுப் பொண்ணைத் திட்டுற மாதிரி திட்டுங்க, உங்க கால்ல விழச் சொல்றேன். விருந்தாளியை விரட்டுற மாதிரி விரட்டுறதா இருந்தா, ஞாயித்துக்கிழமை அவ டீயை நான் குடிக்கிறேன், உங்க தம்பி குடிப்பார். அதோட முடிஞ்சுது."

முப்பத்தைந்து வருஷத்தில் தாச்சியிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. இவர் மெதுவாக நகர்ந்து என் பக்கம் வந்து நின்றுகொண்டார். அத்தனைபேர் முன்னால் வந்து நின்றார், அதைச் சொல்லவேண்டும். தாச்சி என்னை முறைத்துப் பார்த்தார். ஆனாலும் நான் கண்ணை எடுக்கவில்லை.

ரோவினா உள்ளே போனாள். சரி, மூட்டை கட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள், கையில் ஒரு காகிதம் மடித்து. பிரித்தாள். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பெயிண்ட் சில்லு.

தாச்சியின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அதை நீட்டினாள். கதவைச் சுரண்டியபோது பெயர்ந்ததாம். மேலே சிவப்பு, அடுத்து பச்சை, அடுத்து நீலம், மறுபடி சிவப்பு. அதெல்லாம் தோல் உரிவதுபோல் உரிந்துவிட்டதாம். அதற்கும் அடியில் ஒரு நீலம் இருந்திருக்கிறது. அது மட்டும் தகட்டுக்கும் வரவில்லை, உப்புத்தாளுக்கும் வரவில்லை. ஒரு நாள் பூராவும் தேய்த்தும் இந்தச் சில்லோடு வந்த துண்டைத் தவிர கதவைவிட்டு இறங்கவில்லை. இந்தச் சில்லை எடுத்துக்கொண்டு பண்டார் ஹிலீர் பெயிண்ட் கடைவரைக்கும் நடந்துபோய், இதே நீலத்தைக் கலந்து கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"எனக்கு உங்க துக்க நிறம் தெரியாது மாக் கோ. மத்த நிறமெல்லாம் மெல்லிசா ஒரு தடவை அடிச்சிருந்தாங்க. இதை மட்டும் யாரோ திரும்பத் திரும்ப அடிச்சிருந்தாங்க. அப்போ இந்த வீட்டுல இருந்தவங்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச நிறம்னு நினைச்சேன். உங்களுக்குப் பிடிச்சதா இருந்தா, நீங்க உள்ள வருவீங்கன்னு நினைச்சேன்."

தாச்சி சில்லை வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 

"இது நான் அடிச்சது" என்றார்.

அவருக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு அப்போது பதினொன்று. வருஷம் திரும்பியதும், நீலம் போதும், பச்சைக்கு மாற்று என்று அப்பா சொல்லியிருக்கிறார். தாச்சி மாற்றவில்லை. பச்சை வாங்கக் கொடுத்த காசில் நீலம் வாங்கி வந்து அடித்தாராம். அப்பா வைதார், சித்திகள் வைதார்கள், அப்புறம் இன்னொரு தடவை நீலமே அடித்தாராம். பச்சை வந்தால் அடுத்தது சிவப்பு, சிவப்பு வந்தால் அம்மாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம், அதனால் கதவில் இடம் இருக்கும்வரை நீலம் அடித்தேன் என்றார். கடைசியில் அப்பாதான் ஆள் வைத்துச் சிவப்பு அடித்திருக்கிறார். பச்சை அந்த வீட்டுக்கு அந்தத் தடவை வரவே இல்லை.

இதை இவர்கூட என்னிடம் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தேன், சின்னப் பையன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எல்லாரும் சுரண்டித் தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சிருந்தேன்" என்றார் தாச்சி.

"இந்தச் சில்லைத் தவிர அது வரவே இல்ல மாக் கோ. நானும் விட்டுட்டேன்."

தாச்சி சில்லைக் காகிதத்திலேயே மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு ரோவினாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், நகக்கண்ணில் நீலம்.

"இப்போ என்ன நிறம் அடிக்கப்போறே?"

"சிவப்புதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சிடும்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா இனிமே சுரண்ட மாட்டேன். மேலேயே அடிச்சிடுறேன்."

தாச்சியின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அந்த முகம் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. இந்தப் பெண்ணையா நம் கூட்டம் விருந்தாளி என்றது என்று எனக்குக் கோபம் வந்தது, பெருமை வந்தது. 

"தாகமா இருக்கு" என்றார் தாச்சி. "டீ போடு."

ரோவினா உள்ளே ஓடினாள். நாற்காலியை உள்ளே போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், இங்கேயே குடிக்கிறேன், எல்லோரும் பார்க்கட்டும் என்றார். வெறும் டீதான், சடங்குக்கென்று ஒரு சிவப்புப் பேரீச்சம்பழம் போடக்கூட நேரமில்லை. ரோவினா சிமெண்ட்டுத் தரையில் மண்டிபோட்டு இரண்டு கையாலும் நீட்டினாள்.  தாச்சி வாங்கி, ஊதி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து, கவிழ்த்துக் காட்டினார். இதுவரை தாகமே இல்லாத சித்தப்பா கூட்டத்துக்குள்ளிருந்து முன்னால் வந்தார். வரிசையில் நில்லு என்றேன்.

தாச்சி எழுந்தார். ரோவினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு நேராக நடந்தார். பெயிண்ட் இன்னும் முழுக்கக் காயவில்லை, ஒட்டும் மாக் கோ என்றாள் அவள். ஒட்டட்டும் என்றார். வாசற்படியில் நின்று தெருவைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை உறைகளை இன்னும் கையில் வைத்துக்கொண்டு அத்தனைபேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். "ஞாயித்துக்கிழமை சிவப்பு உடுத்திட்டு வாங்க. எங்க மருமக ரோவினா டீ குடுப்பா."